கை கட்டி, வாய் பொத்தி!

(ஒரு சிற்றூர்ப் பால்வாடியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்தக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னது எனக்கே ஆச்சரியமாய் இருக்கிறது. நான் வாத்தியாரல்ல, பட்டம் பெற்றவனுமல்ல. எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நானும் அதைக் கைவிட்டேன். அதற்குப் பின் கற்றதெல்லாம் அச்சுக்கூடத்தில் நின்றுகொண்டே கற்றதுதான். ஆகையால் பண்டிதர்கள் பேசுவது போன்ற பேச்சை என்னிடம் எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். நான் பார்த்ததையும் படித்ததையும் பட்டதையும் உங்கள் முன் வைக்கிறேன். சரியென்று தோன்றினால் எடுத்துக் கொள்ளுங்கள். இல்லையென்றால் இந்த இடத்திலேயே உதறிவிட்டுப் போங்கள்.

இந்தக் கூட்டம் எதற்காகக் கூட்டப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். சென்ற வருஷம் இந்தப் பால்வாடியில் 30 பிள்ளைகள் இருந்தார்கள். இன்று 18 பேர்தான் இருக்கிறார்கள். மற்ற 12 பேரும் காலை எட்டு மணிக்கே வேனில் ஏறிப் பக்கத்து டவுனுக்கு எல்.கே.ஜி. படிக்கப் போகிறார்கள். ஏன் அனுப்புகிறீர்கள் என்று பெற்றோர்களைக் கேட்டேன். "இங்கே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? மண்ணிலே கோடு கிழிக்கிறது, புளியங்கொட்டை பொறுக்குகிறது, செம்பிலிருந்து தம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுகிறது! இதைத்தானே வீட்டிலேயும் செய்கிறது? ஒரு நோட்டு உண்டா, வீட்டுப்பாடம் உண்டா? அங்கே பாருங்கள், மூன்று வயதுப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, வாயில் விரலை வைத்துக்கொண்டு, பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறது" என்று பெருமையோடு சொன்னார்கள்.

தோழர்களே! அவர்கள் எதைப் பெருமை என்று சொன்னார்களோ அதைக் கேட்டுத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

கை கட்டி வாய் பொத்தி நிற்பது என்பது நமக்குப் புதிதா? நம் பாட்டன் பூட்டன் பண்ணையார் வாசலில் எப்படி நின்றான்? தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கையைக் கட்டி, வாயைப் பொத்தித்தான் நின்றான். அந்த நிலையை ஒழிக்க எத்தனை பேர் அடிபட்டார்கள், எத்தனை பேர் ஜெயிலுக்குப் போனார்கள்! அப்படி ஒழித்த அதே நிலையை இன்று மாதாமாதம் சம்பளம் கட்டி நம் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கிறோம். வாங்கிக் கொடுத்துவிட்டு அதற்கு ஒழுக்கம் என்று பெயரும் வைக்கிறோம்.

என் குற்றம்

ஊராரைக் குறை சொல்லுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு மூன்றரை வயது நடந்தபோது, அவன் கையில் பென்சிலைத் திணித்து "அ" எழுது என்று உட்கார வைத்தேன். நான் எட்டாவதோடு நின்றவன். அவனாவது சீக்கிரம் படித்து முன்னுக்கு வரட்டும் என்ற ஆசை. அவன் கோடு கோணலாய்ப் போயிற்று. மறுபடியும் எழுதச் சொன்னேன். மறுபடியும் கோணல். கையைப் பிடித்து அமுக்கி எழுத வைத்தேன், அழுதான், அடித்தேன். அதற்குப்பின் ஆறு மாதம், பென்சிலைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்து கொள்ளுவான். ஊர் ஊராய்ப் போய் மனிதனுக்கு மானமும் அறிவும் வேண்டும் என்று மேடையில் பேசுகிற நான், வீட்டிலே ஒரு சிறு குழந்தையின் மானத்தைக் கை ஓங்கி அடித்துவிட்டுத்தான் கூட்டத்திற்குப் பஸ் ஏறியிருக்கிறேன். அந்த வெட்கம்தான் என்னை இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வைத்தது.

படித்ததில் முதலாவது தெரிந்துகொண்ட சங்கதி இது. மனிதன் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு அவை எலும்பே அல்ல, குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாய்த்தான் எலும்பாகிறது; எல்லாம் முடிவதற்குப் பத்து வயது போல் ஆகிவிடுகிறது. விரல்களை ஆளும் சிறு தசைகளும் அப்படியே மெள்ள மெள்ளத்தான் பக்குவப்படுகின்றன. மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணிப்பது, கன்றுக்குட்டியை ஏரில் பூட்டுவதற்குச் சமானம். குடியானவர்கள் நிறைந்த கூட்டம் இது. எந்தக் குடியானவனாவது கன்றை ஏரில் பூட்டுவானா? மாட்டின் விஷயத்தில் நமக்குள்ள புத்தி பிள்ளையின் விஷயத்தில் ஏன் இல்லாமற் போயிற்று?

கை படித்த படிப்பு

நான் பள்ளிக்கூடத்தை விட்டுச் சேர்ந்த அச்சுக்கூடம், கலியாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடிக்கிற சிறிய இடம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது. அப்போது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கோக்க வேண்டும். எழுத்துகள் கேஸ் என்கிற மரத்தட்டில் அறை அறையாய்க் கிடக்கும். ஒவ்வோர் எழுத்தின் உடம்பிலும் ஒரு பக்கத்தில் சிறு காடி வெட்டியிருக்கும். விரல் அந்தக் காடியைத் தொட்டவுடன் எழுத்து நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்று கண் பார்க்குமுன் கைக்குத் தெரிந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் எழுத்துப்பிழையோடு எழுதினவன் நான். ரகரம் எது, றகரம் எது என்று பிரம்படி பட்டும் மண்டையில் ஏறவில்லை. அச்சுக்கூடத்தில் ஆறே மாதத்தில் ஏறிற்று. எப்படி? ரகரம் ஓர் அறை, றகரம் வேறோர் அறை. மாற்றி எடுத்தால் புரூப் காட்டிக் கொடுத்துவிடும். யாரும் அடிக்கவேண்டியதில்லை; திட்ட வேண்டியதில்லை. தப்பு என் கண் முன்னால் கறுப்பு மையில் நிற்கும். அதை நானே பிடுங்கி எறிந்துவிட்டுச் சரியான எழுத்தை வைப்பேன். எட்டு வருஷம் காதால் படித்தது போய், ஆறு மாதம் கையால் படித்தது நின்றது.

இது என் சாமர்த்தியம் என்று சொல்ல வரவில்லை. மனித அறிவு வேலை செய்கிற விதமே அப்படித்தான் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன். இதை முறையாகச் சோதித்துப் பார்த்து உலகத்திற்குச் சொன்னவர் ஒரு பெண் என்பதைப் பிற்காலத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

ரோமாபுரியின் ஏழைப் பிள்ளைகள்

அந்தப் பெண்ணின் பெயர் மரியா மாண்டிசோரி. இத்தாலி தேசத்தில் 1870-ம் வருஷம் பிறந்தவர். பெண் என்றால் அடுப்படி என்றிருந்த காலத்தில் வைத்தியம் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். தகப்பனாருக்கு அது பிடிக்கவில்லை. ஆண்களுடன் சேர்ந்து பிணத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்கு அடாது என்று, மற்றவர்கள் போன பிறகு தனியாய்ப் பிண அறையில் இருந்து படிக்க வேண்டியிருந்தது. அப்படிப் படித்து 1896-ல் ரோம் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார்.

டாக்டரானவுடன் மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கி வைத்த பிள்ளைகளைப் பார்த்தார். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகப் பிரெஞ்சு தேசத்தில் இட்டார்டு, செகான் என்ற இரண்டு வைத்தியர்கள் அதற்கு முன்பே தொட்டும் பிடித்தும் கற்கும் சாமான்களை உண்டாக்கியிருந்தார்கள். அம்மையார் அதை எடுத்துத் திருத்தி உபயோகித்தார். ஒதுக்கப்பட்ட அந்தப் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றுச் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பரீட்சை எழுதினார்கள். ஊரார் அதைக் கண்டு கொண்டாடினார்கள். அம்மையாரோ வேறு மாதிரி யோசித்தார்: "இவர்களே இவ்வளவு செய்கிறார்கள் என்றால், நல்ல மூளையுள்ள பிள்ளைகளை நம் பள்ளிக்கூடங்கள் எந்த நிலைமையில் வைத்திருக்கின்றன?" என்று யோசித்தார். பகுத்தறிவு என்பது இதுதான். எல்லோரும் அற்புதம் என்று கைதட்டுகிற இடத்தில் காரணம் கேட்பது.

1907-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் "குழந்தைகள் வீடு" என்று ஒன்று தொடங்கினார். யாருடைய பிள்ளைகள்? பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளா? இல்லை. தாயும் தகப்பனும் கூலிக்குப் போய்விட, கட்டடத்தின் சுவரைக் கிறுக்கிக்கொண்டும் படியை அழுக்காக்கிக்கொண்டும் திரிந்த சுமார் 50 பிள்ளைகள். கட்டடம் கெடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பதுதான் கட்டடக்காரர்கள் எண்ணம். இந்தப் பிள்ளைகளிடமிருந்துதான் உலகம் பாடம் கற்றது. இன்று நம் டவுனில் மாண்டிசோரி என்று போர்டு மாட்டிப் பணக்காரப் பிள்ளைகளுக்குத் தனி வரவேற்பு வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கதையை யாராவது சொன்னால் நல்லது.

பொருளே வாத்தியார்

அங்கே என்ன செய்தார்கள்? ஒரு மரக்கட்டை, அதில் பத்துக் குழி, பத்துக் குழிக்கும் பத்து மரக்குண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம் அல்லது ஒவ்வொரு ஆழம். குண்டுகளை வெளியே எடுத்துக் கலைத்துவிட்டு, மறுபடியும் அதனதன் குழியில் வைக்க வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு. பெரிய குழியில் சின்னக் குண்டை வைத்துவிட்டால் அது ஆடிக்கொண்டு உள்ளே கிடக்கும். ஆனால் கடைசியில் ஒரு குண்டு மிஞ்சும். மிஞ்சின குண்டு மிஞ்சின குழியில் போகாது. உடனே குழந்தைக்குத் தெரியும், எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று. அதுவே திரும்பிப் போய்த் தேடும்.

தோழர்களே! இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தப்பு என்று சொல்லியது யார்? வாத்தியாரா? பிரம்பா? சாஸ்திரமா? பெரியவர்கள் சொன்னார்கள் என்பதா? ஒன்றுமில்லை. மரக்கட்டை சொல்லியது! நாலு வயதுக் குழந்தை தன் கண்ணாலும் கையாலும் சோதித்துத் தன் தப்பைத் தானே திருத்திக் கொள்ளுகிறது. இப்படி வளர்ந்த ஒருவனிடத்தில் பிற்காலத்தில் ஒருவர் வந்து, "நான் சொல்லுகிறேன், நம்பு, கேள்வி கேட்டால் பாவம்" என்றால் அவன் என்ன சொல்லுவான்? "குழியில் வைத்துப் பார்ப்போம், பொருந்துகிறதா என்று" எனச் சொல்லுவான். நாம் நாற்பது வயதுக்காரர்களிடம் மேடை போட்டு மைக் வைத்துத் தொண்டை கிழியக் கத்துகிற விஷயத்தை ஒரு மரக்கட்டை நாலு வயதிலேயே சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

அந்தப் பள்ளியில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று இந்தக் குண்டு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தது. சுற்றிலும் பிள்ளைகளைப் பாடச் சொன்னார்கள், அது நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேஜை மேல் வைத்தார்கள். கட்டையை மடியில் இடுக்கிக்கொண்டு அங்கேயும் அதே வேலை. நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்து சிரித்தது என்று அம்மையார் எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு ஒரு நிமிஷம் கூடப் புத்தி நிலைக்கவில்லையே என்கிறோம். எதில் நிலைக்கவில்லை? நாம் திணிப்பதில் நிலைக்கவில்லை. அதற்கு வேண்டியதைக் கொடுத்தால் தவம் என்று நீங்கள் கதையில் கேட்கிறீர்களே, அதைக் காட்டிலும் அதிகமாய் நிலைக்கிறது.

இன்னும் இருக்கிறது. 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை பத்து மரச்சதுரங்கள். பெரியதின் மேல் சிறியதாக அடுக்கிக் கோபுரம் கட்ட வேண்டும். பத்துக் கோல்கள், 10 சென்டிமீட்டரில் தொடங்கி ஒரு மீட்டர் வரை நீளம். ஒரு மணி, பத்து மணி கோத்த சரம், நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கட்டை. ஆயிரம் என்பதை நாம் வாயால் ஒப்பித்தோம். அந்தக் குழந்தையோ ஆயிரத்தைக் கையில் தூக்கி அதன் கனத்தைத் தெரிந்து கொள்ளுகிறது. சட்டத்தில் துணி கட்டி அதில் பொத்தான் மாட்டவும் முடிச்சுப் போடவும் பழக்கம். எழுத்தை உப்புத்தாளில் வெட்டி ஒட்டி, இரண்டு விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்லுவது. பிறகு வெட்டி வைத்த எழுத்துகளைப் பொறுக்கிச் சொல் கோப்பது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது நம் அச்சுக்கூடத்துக் கேஸ்தானே!

யாரும் அங்கே எழுத்துப் பரீட்சை வைக்கவில்லை. மாரிக்காலத்தில் ஒரு நாள், பிள்ளைகளை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போன அம்மையார், ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் சாக்கட்டியைக் கொடுத்து எதிரே தெரிந்த புகைக்கூண்டின் படம் போடச் சொன்னார். தரையில் படம் போட்டவன், ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். எனக்கு எழுத வருகிறது என்று கூவினான். குனிந்து ஒரு வார்த்தை எழுதினான். அவன் எழுதிய முதல் வார்த்தை என்ன தெரியுமா? "கை"! பிறகு "புகைக்கூண்டு", "கூரை" என்று எழுதிக்கொண்டே போனான். மற்றப் பிள்ளைகளும் சாக்கட்டி கேட்டு ஓடி வந்தார்கள். அடி இல்லாமல், அழுகை இல்லாமல் எழுத்து வந்தது. என் மகன் கட்டிலுக்கடியில் ஒளிந்ததை நினைத்துக்கொண்டேன்.

துடைப்பம் யாருடையது?

இந்த நாட்டு ஆட்களாகிய நாம் முக்கியமாய்க் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று அங்கே உண்டு. அந்தப் பிள்ளைகள் தரையைக் கூட்டினார்கள், மேஜையைத் துடைத்தார்கள், தட்டைக் கழுவினார்கள், ஒருவருக்கொருவர் சோறு பரிமாறினார்கள். இதெல்லாம் படிப்பு என்று அம்மையார் வைத்தார். கை, கண், நிதானம் மூன்றும் அதில் பழகுகின்றன என்பது காரணம்.

நம் நாட்டில் துடைப்பம் ஒரு ஜாதியிடத்தில் இருக்கிறது. புத்தகம் வேறொரு ஜாதியிடத்தில் இருந்தது. கையால் வேலை செய்கிறவன் கீழ். வாயால் மந்திரம் சொல்லுகிறவன் மேல். உழுகிற கை, நெய்கிற கை, தோல் தைக்கிற கை எல்லாம் தீட்டு; ஒன்றும் செய்யாத கை புனிதம்! இந்தப் பித்தலாட்டத்தின் வேரை எந்த இடத்தில் வெட்டுவது? மூன்று வயதில் எல்லோர் வீட்டுப் பிள்ளையும் ஒரே துடைப்பத்தை முறைபோட்டுப் பிடித்து, ஒரே செம்பில் தண்ணீர் மொண்டு, ஒரே தட்டை மாற்றி மாற்றிக் கழுவுகிற இடத்தில்தான் வெட்ட முடியும்.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் கூட்டுவது நல்லது என்று சொன்னவுடன், சேரிப் பிள்ளையின் கையில் மட்டும் துடைப்பத்தைக் கொடுத்து, மற்றவன் பிள்ளையை நிழலில் உட்கார வைக்கிற வாத்தியார்களும் நாட்டில் உண்டு. கக்கூஸ் கழுவச் சொன்னதாய்ப் பத்திரிகையில் வருகிறதே, அது படிப்பல்ல. பழைய கொடுமைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்தது. எல்லோரும் கூட்டினால் கல்வி. ஒரு ஜாதி கூட்டினால் கொடுமை. இந்த வித்தியாசத்தைப் பெற்றோர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

"தொடாதே" என்பதுதான் நம் வீட்டில் குழந்தை கேட்கிற முதல் உத்தரவு. பானையைத் தொடாதே, மண்ணைத் தொடாதே, அவன் பிள்ளையைத் தொடாதே. தொட்டு அறிவதற்காகவே கை வைத்துக்கொண்டிருக்கிற பிராணிக்கு இந்த உத்தரவு! நெருப்பையும் கத்தியையும் தொடாதே என்பது நியாயம். மற்றவை எல்லாம் வெறும் பழக்கம்.

அதிகாரத்திற்கு வந்த பயம்

பிள்ளைகள் விளையாடிக் கற்பதில் யாருக்கு நஷ்டம் என்று நினைப்பீர்கள். கேளுங்கள். பாலர்களுக்கு "குழந்தைத் தோட்டம்" என்ற கிண்டர்கார்டனை ஜெர்மனியில் ஏற்படுத்தியவர் பிரோபெல். 1837-ல் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் தொடங்கி, 1840-ல் அந்தப் பெயரை வைத்தார். நூல்பந்து, மர உருண்டை, உருளை, சதுரக்கட்டை இவைதான் அவருடைய பாடப் புத்தகம். 1851-ல் பிரஷ்ய சர்க்கார் குழந்தைத் தோட்டங்கள் கூடாது என்று தடை போட்டது. காரணம் என்ன சொன்னார்கள்? பிள்ளைகளை நாஸ்திகர்களாக்குகிற சூழ்ச்சி இது என்றார்கள்! பிரோபெல் கடவுள் நம்பிக்கையுள்ளவர், பாதிரியார் மகன். அப்படியிருந்தும் மரக்கட்டையைக் கண்டு சர்க்கார் பயந்தது. மறு வருஷமே பிரோபெல் இறந்துபோனார். தடை நீங்கியதோ 1860-ல்.

மாண்டிசோரி அம்மையாரை முதலில் முசோலினி ஆதரித்தார். அம்மையார் தன் சொற்படி ஆடவில்லை என்றவுடன் இத்தாலியில் அந்தப் பள்ளிகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜெர்மனியிலும் மூடினார்கள். தானாய் யோசிக்கப் பழகின பிள்ளை, கையை நீட்டச் சொன்னவுடன் நீட்டாது என்பது சர்வாதிகாரிகளுக்கு நன்றாய்த் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

அம்மையார் நமக்கு அந்நியருமல்ல. 1939-ல் பிரம்மஞான சபையார் அழைப்பின் பேரில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். முதல் பயிற்சி வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். 1940-ல் இத்தாலி யுத்தத்தில் குதித்ததும், எதிரி நாட்டவர் என்று பிரிட்டிஷ் சர்க்கார் அவரை வெளியே போகவிடாமல் கட்டுப்படுத்தி, அவர் மகனைக் காவலில் வைத்தது. பிற்பாடு கொடைக்கானலில் இருந்தும் வேலை செய்தார். 1946 வரையில் இந்நாட்டில் இருந்து ஆசிரியர்களைப் பழக்கினார். அவர் தெய்வ பக்தியுள்ளவர். அழைத்தவர்களோ ஜோதி, ஆவி, மறுபிறப்பு என்று பேசுகிறவர்கள். அதில் நமக்குச் சம்பந்தமில்லை. கட்டை குழியில் பொருந்துகிறதா என்பதுதான் நம் கேள்வி.

வேதமாக்க வேண்டாம்

அதனால்தான் அவர் சொன்னதையும் வேதமாக்கிக் கும்பிட வேண்டாம் என்கிறேன். 1914-லேயே கில்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஒவ்வொரு சாமானையும் ஒரே விதமாய்த்தான் உபயோகிக்க வேண்டுமென்றால் பிள்ளையின் கற்பனைக்கு இடமேது என்று கண்டித்து எழுதினார். அது யோசிக்கத்தக்க கேள்விதான். சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் மாண்டிசோரிப் பள்ளிக்கு இடம் கேட்டவர்கள் அதிகம். சீட்டுக் குலுக்கி இடம் கொடுத்தார்கள். சீட்டு விழுந்த பிள்ளைகளையும் விழாத பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2006-ல் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். ஐந்து வயதில், சீட்டு விழுந்த பிள்ளைகள் எழுத்திலும் கணக்கிலும் ஒருவரோடொருவர் நடந்து கொள்ளுவதிலும் மேலாக இருந்தார்கள். பன்னிரண்டு வயதில் படிப்பு வித்தியாசம் அவ்வளவாக இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுகிறேன். அடிக்காமல், அழவைக்காமல், விளையாட விட்டதால் பிள்ளை பின்தங்கிப் போகும் என்ற பயத்திற்கு ஆதாரமில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நம் நாட்டுப் பழைய முறையிலும் நல்லது இருந்தால் சொல்ல வேண்டாமா? திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். சென்னை எழும்பூர் அனாதைப் பள்ளியை நடத்திய ஆண்டுரு பெல் என்ற வெள்ளைக்காரர் இதைப் பார்த்துத் தம் பள்ளியில் புகுத்தினார். 1797-ல் லண்டனில் புத்தகம் போட்டார். அங்கேயும் பிள்ளைகள் மணலில் எழுதினார்கள். முறை நல்லதுதான். ஆனால் அந்தத் திண்ணையில் நம் சேரிப் பிள்ளைக்கு இடமுண்டா? பெண் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள்? மணலை வைத்துக்கொள்ளுவோம், திண்ணையையும் பிரம்பையும் விட்டுவிடுவோம். விஜயதசமிக்குக் காத்திருந்து, நாள் பார்த்து, நேரம் பார்த்து, அரிசியில் கையைப் பிடித்து ஒரு நாள் எழுத வைத்துவிட்டு, மறு நாளிலிருந்து "மண்ணைத் தொடாதே" என்பதில் என்ன பிரயோஜனம்? பிள்ளைக்கு எல்லா நாளும் நல்ல நாள்தான்.

அரைக்காசுச் செலவில்லை

சரி, ரோமில் மரச்சாமான் இருந்தது, நமக்குப் பணமேது என்று கேட்பீர்கள். நம் வீட்டில் இல்லாதது என்ன? துவரை, உளுந்து, கொண்டைக்கடலை மூன்றையும் கலந்து கொடுத்துப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். விரலுக்கு அதைவிடப் பயிற்சி வேண்டாம்; நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போவதும் அந்த மூன்று விரல்தான். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாய்க் கட்டி, பத்துக் கட்டை ஒரு நூறாய்க் கட்டச் சொல்லுங்கள். கணக்கு கையில் நிற்கும். ஆழாக்கு, உழக்கு, படி என்று அளந்து மணல் கொட்டச் சொல்லுங்கள். கொட்டாங்கச்சிகளைப் பெரிதுக்குள் சிறிதாய் அடுக்கச் சொல்லுங்கள். கிழிந்த சட்டையின் பொத்தான் பட்டையைப் பலகையில் அடியுங்கள். தச்சு வேலை செய்கிற தோழர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். மிஞ்சின கட்டையை இழைத்துப் பத்து அளவில் கொடுத்தால் கோபுரம் ஆயிற்று. உப்புத்தாள் எழுத்தை நானே வெட்டித் தருகிறேன். அது என் தொழில்.

கொட்டையும் கடலையும் கொடுக்கிற வேளையில் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மூக்கில் போட்டுக்கொள்ளும், வாயில் போட்டு விழுங்கும். மிகச் சிறிய பிள்ளைகளுக்குப் பெரிய கூழாங்கல்லே போதும். தண்ணீர் சிந்தினால் திட்டாதீர்கள்; பக்கத்தில் ஒரு துணியை வைத்துவிட்டால் அதுவே துடைத்துக் கற்றுக்கொள்ளும்.

இதெல்லாம் புதிய பைத்தியமா? இல்லை. 1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதன் பேரில்தான் அங்கன்வாடிகள் வந்தன. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் என்று ஆரம்பித்து, 2007-08-ல் மாநில அரசு தொடக்கப் பள்ளிகள் முழுவதும் பரப்பினார்கள். வாத்தியாரும் தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் அட்டையைத் தாங்களே எடுத்துத் தாங்களே படித்தார்கள். நம் பால்வாடி டீச்சர் செய்கிற வேலைக்கு இப்படி ஒரு பரம்பரையே இருக்கிறது. அது தெரியாமல் அந்த அம்மாளை ஆயா வேலைக்காரி என்று ஏளனம் செய்கிறோம். சத்துமாவும் கொடுத்து, கணக்கும் எழுதி, எடையும் பார்த்து, இவ்வளவுக்கும் நடுவே பிள்ளைக்குப் புளியங்கொட்டை எண்ணக் கற்றுக் கொடுக்கிறாரே, அவருக்கு நாம் செய்தது என்ன?

கடைசியாக

ஆகவே, தாய்மார்களே, தோழர்களே! நான் கேட்பது இரண்டே சங்கதி.

ஒன்று: நாளைக் காலையில் பதினைந்து நிமிஷம் இங்கே வந்து ஓரமாய் உட்கார்ந்து உங்கள் பிள்ளையைப் பாருங்கள். பேச வேண்டாம்; "இப்படி வை, அப்படி வை" என்று கையை நீட்ட வேண்டாம். அது தப்புச் செய்து தானே திருத்துகிறபோது அதன் முகத்தை மட்டும் பாருங்கள். பிறகு டவுனுக்குப் போய், கை கட்டி வாய் பொத்தி உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் முகத்தையும் பாருங்கள். இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் செய்ய வேண்டாம்.

இரண்டு: இந்த இடத்தின் கூரை ஒழுகுகிறது, மணல் தட்டு உடைந்து கிடக்கிறது, தண்ணீர்த் தொட்டிக்கு மூடியில்லை. கோவில் கொடைக்கு வீட்டுக்கு வீடு வரி போடுகிற ஊர் இது. அந்த வரியில் பத்தில் ஒரு பங்கு இங்கே வந்தால் போதும். பணம் இல்லாதவர்கள் ஒரு நாள் கைவேலை கொடுங்கள். எல்லாத் தெருவிலிருந்தும் வாருங்கள். எல்லோரும் சேர்ந்து வேய்ந்த கூரையின் கீழ் எல்லோர் பிள்ளையும் சேர்ந்து உட்காரட்டும்.

என் மகனுக்கு இப்போது பத்து வயது. எழுதுகிறான், நன்றாகவே எழுதுகிறான். பென்சிலைப் பிடுங்கி ஒளித்துவிட்டு, ஒரு வருஷம் அவனை அச்சுக்கூடத்துப் பழைய எழுத்துகளோடு விளையாட விட்ட பின்புதான் அது வந்தது. ஆனாலும் நான் கையை உயர்த்திச் சட்டை மாட்டினால்கூடச் சில வேளை கண்ணை மூடிக் கொள்ளுகிறான். அந்த அடியை என்னால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் பிள்ளைகளின் விஷயத்தில் உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள், சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.